மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாவல்

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்கு நாவல் எதற்கு, முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் ஆசிரிய நண்பர்கள் எனக்கு உண்டு. என் அனுபவம் இதற்கு நேர்மாறு. வாசிக்க வராத பிள்ளைக்குத்தான் முதலில் நாவல் வேண்டும். அவனால் படிக்க முடியாது, சரி. கேட்க முடியுமே! நாம் படித்துக் காட்டினால் போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் எனக்கு. இரண்டு வகுப்பும் ஒரே அறையில்தான். செய்தித்தாளை மளமளவென்று படிக்கிற பிள்ளையும் அங்கே இருக்கிறது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இன்னும் தடுமாறுகிற பிள்ளையும் இருக்கிறது. பாடப் புத்தகத்தைத் திறந்த உடனே அந்த வித்தியாசம் வெளியே வந்துவிடும். யார் கையைத் தூக்குவார்கள், யார் பக்கத்துப் பையன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கே அத்துப்படி. கதை கேட்க உட்கார்ந்தால் அந்த வரிசை கலைந்துவிடுகிறது. எழுத்துத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் காது ஒன்றுதான்.

நாங்கள் எடுத்துக்கொண்ட புத்தகம் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981-ல் புத்தகமாக வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்திருக்கிறது. ஆசிரியர்கள் நிறையப் பேர் வீட்டில் இந்தப் புத்தகம் இருக்கும். பி.எட். படிக்கும்போது வாங்கியதாகவோ யாரோ பரிசாகக் கொடுத்ததாகவோ இருக்கும். பெரியவர்கள் கல்வி பற்றிய புத்தகமாகவே அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறவர்கள் குறைவு. பார்க்கப்போனால் இது நாவலும் இல்லை, அவருடைய சொந்தப் பள்ளி நாட்கள். ஆனால் வகுப்பில் நாவலாகத்தான் படித்தோம். நடந்த கதை என்பதைக் கடைசி நாள் வரைக்கும் நான் சொல்லவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் அத்தியாயங்களின் அளவு. பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம். நிதானமாகப் படித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒன்று முடியும். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று நடக்கும். டோட்டோ-சான் ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை. ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற இசைக்காரர்களைக் கூப்பிடுவாள், கூடு கட்டும் குருவியிடம் சத்தமாகப் பேசுவாள், மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் சின்னப் பெண். அதனால் அவர்கள் ஓர் அண்ணன், அக்கா இடத்திலிருந்து கேட்டார்கள். இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை, தானாக அமைந்தது. தன்னைவிடச் சின்னப் பிள்ளை செய்கிற குறும்பைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல ஒரு கருத்து இருக்கிறது.

கதையாகச் சொல்லிவிடலாமே, ஏன் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். கதை சொல்வது நல்ல விஷயம், நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் ஒன்று. ‘வந்துட்டான்’ என்று பேசுகிற பிள்ளை, ‘வந்துவிட்டான்’ என்பதை எழுத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. ‘அவள் ஓடிக்கொண்டிருந்தபோது’ மாதிரி ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது என்ன சொல் என்பதே மறந்துபோகும், ஏனென்றால் காதில் அந்த ஓசை ஏற்கெனவே விழுந்திருக்காது. பாடப் புத்தகத்தையும் டிவி செய்தியையும் விட்டால் எழுத்துத் தமிழ் அந்தப் பிள்ளையின் காதுக்கு எங்கிருந்து வரும்? தினமும் ஒரு அத்தியாயம் என்று மாதக்கணக்கில் கேட்கும்போது நீளமான வாக்கியம் எப்படி ஓடி எங்கே நிற்கும் என்பது காதில் பதிந்துவிடுகிறது. பிறகு அதே சொல்லை அச்சில் பார்க்கும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி: புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி படிப்பது. பேச்சுத் தமிழுக்கு மாற்றிப் படிப்பதில்லை. புரியாது என்று நினைக்கிற சொல்லுக்கு நடுவில் நின்று விளக்கம் கொடுப்பதும் இல்லை. முந்தின நாள் ராத்திரியே அத்தியாயத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுவேன். எந்தச் சொல் தெரியாவிட்டால் கதையே புரியாதோ அந்தச் சொல்லை மட்டும் படிக்கத் தொடங்கும் முன்பு சொல்லிவிடுவேன். அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றதைக் கதையே புரியவைத்துவிடும். இப்படி வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். மனசுக்குள் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற மொழிபெயர்ப்பு வாக்கியம் சில, வாயில் வரும்போது இடறும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

ஜப்பானியப் பெயர்கள் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். இரண்டாம் வாரமே எங்கள் வகுப்பில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும், ஜப்பானில் பெயரோடு செல்லமாகச் சேர்க்கிற ‘சான்’ ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு வரிசையில்கூட அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெயர்களை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியதோடு சரி.

நேரம் மதியச் சாப்பாடு முடிந்த உடனே. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்காரும்போது பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். அந்த நேரத்தில் கணக்கு நடத்துவது இரண்டு பேருக்கும் கஷ்டம். கதை கேட்பதற்கு அதுதான் நல்ல நேரம். படுத்துக்கொண்டு கேட்பதென்றால் படுத்துக்கொள்ளலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், படம் வரைந்துகொண்டே கேட்கலாம். பேசக் கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. கைகட்டி நிமிர்ந்து உட்காரவைத்தால் அது பாடவேளை ஆகிவிடும். நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து படிப்பேன். குரலை உயர்த்தத் தேவையில்லாத தூரம் அது. தினமும் அதே நேரம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. பயிற்சிக்குப் போகிற நாளில்கூடத் தலைமையாசிரியரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் நல்ல குரல்காரர். பிள்ளைகளுக்கு அதில் தனிச் சந்தோஷம்.

எங்கே நிறுத்துவது என்பது தனி வித்தை. அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்பது இல்லை. முதல் பள்ளியை விட்டு அனுப்பிய பிறகு டோட்டோ-சான் சேர்ந்து படிக்கிற தோமோயே பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். ஒரு நாள் புதிதாக இன்னொரு பெட்டி வரப்போகிறது என்று தெரிகிறது. தண்டவாளமே இல்லாத இடத்துக்கு ரயில் பெட்டி எப்படி வரும்? கதையில் பிள்ளைகளுக்கு அதே சந்தேகம். வருவதைப் பார்க்க வேண்டும் என்று ராத்திரி பள்ளியிலேயே தங்குகிறார்கள். நான் அங்கே நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட்டேன். “டீச்சர்!” என்று ஒரே கூச்சல். சரி, நீங்களே சொல்லுங்கள், எப்படி வரும் என்றேன். தண்டவாளம் போட்டுவிடுவார்கள் என்றாள் ஒருத்தி. ஒரே நாளில் எப்படிப் போட முடியும் என்று இன்னொருத்தி மறித்தாள். கிரேன் என்றான் ஒருவன். ஹெலிகாப்டர் என்று ஒருவன் சொல்ல, அதற்கு எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். ஐந்தாம் வகுப்பு. எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. அவன் கடைசியாகச் சொன்னான்: “எங்கப்பா மாதிரி ஆளு டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்துருவாங்க டீச்சர். பெட்டிய டிப்பர் மேல ஏத்திட்டா போதும்.” அவன் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். டிராக்டர் அவ்வளவு கனத்தை இழுக்குமா என்று வாதம் நடந்தது. எவ்வளவு நெல்மூட்டை ஏற்றுவார்கள், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் எப்படித் தூக்கும், கரும்பு லோடு எப்படி இருக்கும் என்று அவன் விளக்க விளக்க மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் படித்தேன். ஒரு டிராக்டர்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த வரி வந்ததும் வகுப்பு முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ஐந்து வருடத்தில் வகுப்பறையில் அவன் சொன்னது சரியாகப் போய், அதை எல்லோரும் பார்த்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அவனுக்கு யோசிக்கத் தெரியும். கேட்டதை மனசில் காட்சியாக்கத் தெரியும், தனக்குத் தெரிந்ததோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தெரியும், காரணம் சொல்லத் தெரியும். இதையெல்லாம் வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அவனிடம் இல்லாதது எழுத்தைக் கோக்கும் பழக்கம் மட்டும். அந்த ஒன்று வரும் வரைக்கும் மற்றவற்றுக்குத் தீனி போடாமல் ‘அ, ஆ’விலும் இரண்டு சொல் வாக்கியத்திலும் அவனை உட்காரவைத்தால் அவன் மனசு என்ன ஆகும்? 1985-ல் அமெரிக்காவில் வாசிப்புக்கென்று அமைக்கப்பட்ட ஓர் ஆணையம், பிள்ளைகள் பின்னால் நன்றாக வாசிக்க வேண்டுமானால் அதற்கு நாம் செய்யக்கூடிய மிக முக்கியமான காரியம் அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுவதுதான் என்று அறிக்கை கொடுத்தது. அதைச் சின்ன வகுப்போடு நிறுத்திவிடக் கூடாது, எல்லா வகுப்பிலும் தொடர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாம் ஒன்றாம் வகுப்பு தாண்டியதும் நிறுத்திவிடுகிறோம்.

கேள்வி கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். படித்து முடித்த உடனே “இந்தக் கதையிலிருந்து நீ என்ன தெரிந்துகொண்டாய்?” என்று நான் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் கைவசம் பதில் வைத்திருக்கிறார்கள்: பெரியவர்கள் சொல்பேச்சுக் கேட்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது. எந்தக் கதைக்கும் அது பொருந்தும். அதைச் சொல்லிவிட்டால் கதையைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை முடிந்துபோகும். புரிந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? வேண்டும். அதற்கு இருக்கவே இருக்கிறார்கள், நேற்று வராத பிள்ளைகள். கிராமத்துப் பள்ளியில் தினமும் யாராவது ஒருவர் வராமல் இருப்பார்கள். “நேத்து அவ வரல. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்றால் போதும். ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் விட்டதைச் சேர்ப்பார், “அது அதுக்கப்புறம்தான்” என்று மூன்றாமவர் வரிசையைச் சரிசெய்வார். கேள்வித்தாள் எதுவும் இவ்வளவு காட்டிக்கொடுக்காது. கேட்கிறவளுக்கு நிஜமாகவே கதை தெரியாது, அதனால் சொல்கிறவர்களும் நிஜமாகவே சொல்கிறார்கள்.

தோமோயேயில் தலைமையாசிரியர் கோபயாஷி, மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். ஒன்று குறைகிற பிள்ளைக்கு அவர் மனைவி பாத்திரத்தோடு சுற்றிவந்து போடுவார். அந்த அத்தியாயம் படித்த மறுநாள் சத்துணவு வரிசையில் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் கடல் உண்டு, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம். மலை என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நார்த்தாமலைதான். அங்கே என்ன விளையும் என்று கேட்டால் பாறைதான் இருக்கிறது. அப்புறம் நிலத்தில் விளைவதெல்லாம் மலைக் கணக்கு என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். கொண்டைக்கடலை மலை. கருவாடு கடல். முட்டை எதில் சேரும்? கோழி தரையில்தானே மேய்கிறது, அதனால் மலை என்றான் ஒருவன். “எங்க வீட்ல கோழிக்குக் கருவாட்டுத் தலைய போடுவோம், அப்ப?” என்று கேட்டாள் ஒரு பெண். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு முடிவு வரவில்லை. கடைசியில் உப்பு எல்லாச் சாப்பாட்டிலும் இருக்கிறது, உப்பு கடல், அதனால் நம் சாப்பாட்டில் எப்போதும் கடல் உண்டு என்று கண்டுபிடித்தது ஒரு நான்காம் வகுப்புப் பெண். சமையலறை அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இன்னோர் அத்தியாயம். டோட்டோ-சானுடைய பர்ஸ் கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குழியிலிருப்பதை அள்ளி அள்ளி வெளியே கொட்டித் தேடுகிறாள். இதற்கு முன்கதை சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே கழிவறைக்குக் கீழே தொட்டி இருக்கும், அதை அள்ளி எடுப்பார்கள் என்று சொன்னதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படிக்கும்போதும் ஒரே சிரிப்பு. அந்த வழியாகத் தலைமையாசிரியர் வருகிறார் என்று படித்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. அடுத்து என்ன நடக்கும் என்பது பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும் இல்லையா? அவர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார், அவள் சொல்கிறாள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

“அடிக்கலையா?” என்று கேட்டான் ஒருவன். இல்லை. “அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லலையா?” இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண், “அப்ப அவ எல்லாத்தையும் திரும்ப அள்ளிப் போட்டாளா?” என்றாள். போட்டாள் என்றேன். “யாரும் பாக்காட்டியும்?” ஆமாம். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்த்திருந்தாலும் அது நீதிபோதனை வகுப்பாகியிருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்குக்குப் போனோம்.

கோபயாஷி முதல் நாள் டோட்டோ-சானைத் தன் எதிரே உட்காரவைத்து, உனக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ சொல் என்று நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். என் வகுப்பில் நான்கு மணி நேரத்துக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அதற்கு ஒதுக்கினேன். வாரம் ஒரு பிள்ளை, தானே சொல்லி முடிக்கும் வரைக்கும் யாரும் குறுக்கிட மாட்டோம். பெயரைக் கேட்டால்கூட முந்தானையைத் தேடுகிற மாதிரி துப்பட்டா நுனியைத் திருகுகிற ஒரு பெண், தங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டதில் ஒன்றை மட்டும் தாய் சேர்க்காமல் முட்டித் தள்ளியதையும், தாயைக் கட்டிப்போட்டு அந்தக் குட்டியைக் காம்பில் பிடித்து வைத்ததையும், அப்படியும் முடியாமல் பாட்டிலில் பால் கொடுத்ததையும் அவ்வளவு நேரம் பேசினாள். குட்டி பிழைத்துவிட்டது. அடுத்த வாரம் அதை அவளே எழுதிக்கொண்டு வந்தாள். நான் எழுதச் சொல்லவில்லை.

யாசுவாகி-சான் வருகிற பகுதிகளுக்கு மட்டும் தனியாகத் தயாராக வேண்டியிருந்தது. போலியோ தாக்கிக் கை காலை சரியாக அசைக்க முடியாத பையன் அவன். தோமோயேயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு மரம் உண்டு. டோட்டோ-சான் பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல் அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைத்து, ஏணியைக் கொண்டுவந்து, அவனை மேலே ஏற்றிவிடப் பாடுபடுகிறாள். போலியோ என்றால் என் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து. “எங்க தங்கச்சிக்கு விரல்ல மை வெச்சாங்க டீச்சர்” என்றான் ஒருவன். நோயை யாரும் பார்த்ததில்லை. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011-ல், மேற்கு வங்கத்தில். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவரின் கால் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் அதுவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறுநாள் இரண்டு பேர் கடைக்குப் போய், நீங்கள் சின்ன வயதில் மரம் ஏறியிருக்கிறீர்களா என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எப்படி உட்கார்ந்தேன், யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவர் ரொம்ப நேரம் பேசியிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் கேட்கச் சொல்லியிருந்தால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மரம் ஏறுகிற அத்தியாயத்தை அவசரமில்லாமல் படித்தேன். அதில் அவளுக்கு வியர்க்கிறது, கை நழுவுகிறது, அவனை இழுக்க முடியாமல் அழுகை வருகிறது. அந்த வேகத்துக்குத்தான் குரலும் போக வேண்டும். கடைசியில் இருவரும் கிளையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அமெரிக்காவில் டெலிவிஷன் என்று ஒன்று இருக்கிறதாம் என்று யாசுவாகி-சான் அவளுக்குச் சொல்கிறான்.

பின்னால் அவன் இறந்துபோகிறான். இந்த அத்தியாயம் எந்த நாளில் வரும் என்று முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை படிக்கக் கூடாது. மனசில் பாரத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போய், பேச ஆள் இல்லாமல் இரண்டு நாள் இருப்பார்கள். நான் அதற்காக வேறு அத்தியாயத்தில் இரண்டு நாள் கூடுதலாக நின்று, செவ்வாய்க்கிழமை வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் மதியம் இல்லாமல் காலையில் படித்தேன், நாள் முழுக்க நான் பக்கத்தில் இருப்பதற்காக. முடித்ததும் பாடம் எதுவும் தொடங்கவில்லை. வரைகிறவர்கள் வரையலாம், வெளியே போய் உட்காரலாம் என்றேன். ஒரு பையன் வந்து, போன வருடம் இறந்த தாத்தாவைப் பற்றிப் பேசினான். இரண்டு பெண்கள் அழுதார்கள், மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டுமா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். சாவு வீட்டுக்கு இவர்களும்தானே வருகிறார்கள், அங்கே இவர்களிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை, இங்கே பேச ஓர் இடம் கிடைத்தது என்றேன். அவர் ஒத்துக்கொண்டார்.

கடைசி நாள். 1945-ல் குண்டுவீச்சில் தோமோயே எரிந்துபோகிறது. எரிகிற பள்ளியைப் பார்த்துக்கொண்டே கோபயாஷி தன் மகனிடம், அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கேட்கிறார். புத்தகத்தை மூடிவிட்டு, இது நிஜமாக நடந்தது, அந்தப் பள்ளி டோக்கியோவில் இருந்தது, இதை எழுதியவர்தான் டோட்டோ-சான் என்றேன். நடந்த கதை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒவ்வொரு நாளும் “இப்ப அவங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டு முடிவைத் தெரிந்துகொள்ளப் பார்த்திருப்பார்கள். கதைக்குள் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது கேள்விகள் மடை திறந்தன. குண்டு போட்டது யார்? திரும்பக் கட்டினார்களா? கோபயாஷி என்ன ஆனார்? அமெரிக்க விமானங்கள் என்றேன். அந்தப் பள்ளியை மறுபடி எழுப்புவதற்கு முன்பே 1963-ல் கோபயாஷி இறந்துவிட்டார் என்றேன். உலக வரைபடத்தை இறக்கிப் பார்த்தோம். டோட்டோ-சான் பெரியவளானதும் டெலிவிஷனில் நடிகையாகி, அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆனார் என்று நான் சொன்ன உடனே, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். “டீச்சர்! யாசுவாகி-சான் மரத்து மேல சொன்னானே, அந்த டிவி!” அந்த அத்தியாயம் படித்து வாரங்கள் ஆகியிருந்தன.

புத்தகம் இப்போது வாசிப்பு மூலையில் கயிற்றில் தொங்குகிறது. அட்டை பிரிந்து, டேப் ஒட்டியாகிவிட்டது. டிராக்டர் பையன் அதை எடுத்து ரயில் பெட்டி வருகிற பக்கத்தைத் தேடுவதைப் பார்த்தேன். படத்தை வைத்து, அத்தியாயத் தலைப்பை வைத்துக் கண்டுபிடித்தான். விரலை வைத்து மெதுவாகப் படித்தான். அடுத்து என்ன சொல் வரும் என்பது அவனுக்குக் காதால் தெரியும், அதனால் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியைப் பிடித்துக்கொண்டான். தெரியாத பத்தியைக் கொடுத்தால் இன்னும் திணறுகிறான், அதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துப் பயிற்சி தனியாகத் தினமும் நடக்கிறது, நாவல் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் முன்பெல்லாம் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பவன், இப்போது கேட்காமலேயே போய் எடுக்கிறான். எழுத்துப் பயிற்சிக்கு உட்காரும்போதும் எதற்காக இதைக் கற்றுக்கொள்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பார்வைக்கு வருகிற அலுவலர்கள், இந்த நேரம் எந்தப் பாடத்தில் சேரும் என்று கேட்பது உண்டு. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்பதுதானே மொழித்திறனுக்கு நாம் வைத்திருக்கிற வரிசை, முதல் திறனுக்கு இது என்று பாடக்குறிப்பேட்டில் எழுதிக் காட்டுகிறேன். தினமும் இருபது நிமிடம் தமிழ்ப் பாடவேளையில் கழிந்தால் பாடம் பின்தங்கும் என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். எங்களுக்குப் பருவத்துக்குள் பாடம் முடிந்தது.

புத்தகம் தேடுகிறவர்களுக்கு: அத்தியாயம் சின்னதாக இருக்கட்டும். முதல் இரண்டு பக்கத்தில் ஏதாவது நடக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காத புத்தகத்தை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள், குரலில் தெரிந்துவிடும். ஆரம்பித்துவிட்டுப் பிள்ளைகள் ஒட்டவில்லை என்றால் ஒரு வாரம் பார்த்துவிட்டு மாற்றிவிடலாம், அதில் தப்பில்லை. மொழிபெயர்ப்பு ஒன்று முடித்தால் அடுத்தது தமிழிலேயே எழுதப்பட்டதாக இருக்கட்டும் என்று நான் நினைக்கிறேன். பாட்டுகளால் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த அழ. வள்ளியப்பா, இதே மாவட்டத்தில் இராயவரத்தில் பிறந்தவர். அவர் சிறுவர்களுக்கு நாவலும் எழுதியிருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டாம் பருவம் தொடங்கியதும் ‘நீலா மாலா’ எடுத்தோம். இராயவரம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், இந்தத் தடவை எழுதியவரைப் பற்றி முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.